கை வைத்தவர்க்குப் பங்கு

“இழுக்க வந்தவ இழுக்க வேணும். தடவிக் குடுக்கிறதுக்குத் தோணி என்ன கன்டுக்குட்டியா?”

கலீலுர் றஹ்மான் உரக்கவே கேட்டான். நிலாவெளிக்காரன், மூதூருக்குப் புதுமாப்பிள்ளை. மனைவியின் அண்ணன் முனாபோடு அன்றுதான் முதன்முதலாகக் கடலுக்குப் போய், மீனோடு அந்தச் சிறிய வாய்க்கால் துறைக்கு வந்திருந்தான்.

மற்றத் தோணிகள் எல்லாம் வாய்க்கால் நீரிலேயே கட்டிக் கிடந்தன. முனாபின் தோணியை மட்டும் கரையேற்ற வேண்டியிருந்தது. அடியில் ஓட்டையாம்.

முனாபும் கூட்டாளி அலியாரும் கலீலும் சேற்றில் மூச்சுப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது பரீதா என்ற பெண் வந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். தோணியின் விளிம்பில் ஒரு கையை வைத்து, கூடவே நடந்தாள். பிறகு ஓலைக்கூடையை நீட்டினாள்.

தோணியில் கை வைத்தவர்க்கு மீனில் பங்கு உண்டு. நிலாவெளியிலும் அதுதான் வழக்கம். ஆனால் அங்கே கை வைப்பவரின் முதுகும் வளையும்.

பரீதா கூடையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“முனாப், உங்கட மச்சானுக்கு என்ட கை பத்தல்லையாம். எனக்குப் பங்கு வேணாம்.”

சென்ற ஆண்டுச் சூறாவளி அவளுடைய கணவனைக் கொண்டுபோயிருந்தது. வீட்டில் பிள்ளைகள் அந்தக் கூடைக்காகக் காத்திருந்தார்கள். கலீல் இதை அறியான்; அறிந்திருந்தாலும் கேட்டிருப்பான்.

“நில்லுங்க ராத்தா!” முனாப் குறுக்கே வந்தான். “மச்சான் மணலில இழுத்தவர். இந்தச் சேத்தில கடைசித் தள்ளு இல்லாட்டித் தோணி சறுக்கும் என்டு அவருக்கு விளங்காது. நேத்து நீங்க பிந்தி நாங்க பட்ட பாட்டை அலியாரிட்டக் கேளுங்க.”

“ஓம் ராத்தா, இடுப்பே முறிஞ்சி போச்சு.”

“இருந்தாத்தானே முறிய!” என்றான் முனாப்.

பரீதா சிரித்துவிட்டாள். கூடை மறுபடி முன்னுக்கு வந்தது. அதற்குள் மீன் விழுந்தது.

“நாளைக்குப் பிந்தமாட்டன்,” என்றவள் கலீலின் பக்கம் திரும்பினாள். “நீங்களும் நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க மாப்பிள்ள. உங்கட பக்கந்தான் தோணி நகரல்ல.”

அவள் வாய்க்கால் ஓரத்துக் கண்ணா மரங்களுக்கு அப்பால் மறையும்வரை கலீல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“இப்பிடி இளிச்சவாயனா இருந்தா நாளைக்கு ஊரே வந்து கை வைக்கும் மச்சான்!”

“சும்மா குடுத்தா அவ எடுக்கமாட்டா,” என்றான் முனாப். “சரி, பிடிங்க.”

“எதை?”

“தோணியைத்தான். திரும்பத் தண்ணியில இறக்க வேணும்.”

“அப்ப ஓட்டை?”

“விடியத்தொட்டு இதிலதானே கடலில இருந்தீங்க,” என்றான் முனாப். “ஒரு சிரட்டைத் தண்ணியாவது இறைச்சீங்களா?”