ஜன்னல் இருந்திருக்க வேண்டிய இடம்

அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும் என்றுதான் செண்பகவல்லி கேட்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சுவர் இடிக்கும் என்று சொல்லிவிட்டு, கணவன் குலசேகரன் அந்தச் சுவரில் ஒட்ட டைல்ஸ் எடுக்க அவளைக் கடைக்குக் கூட்டி வந்திருந்தான். "உனக்குப் பிடிச்சதை எடு. எண்ணெய்க் கறை தெரியாத கலரா இருந்தா போதும்" என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமல். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்கு வாங்கும் உப்புகூட அவன் சொல்லும் உப்புதான்.

கடைப்பெண் பளபளவென்று வெள்ளையாக ஒன்றை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். செண்பகவல்லி அடுப்படியில் நிற்பதுபோலவே அதன் முன்னால் நெருங்கி நின்றாள். அவளை அறியாமல் வலது கை எதையோ கிண்டத் தொடங்கியது. பளபளப்பில் தன் முகம் தெரிந்ததும் வேண்டாம் என்று தலையாட்டினாள். அடுத்து, சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒன்று வந்தது. அதில் எதுவுமே தெரியவில்லை.

"இதை ஒட்டிட்டா ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்க்கா. இப்படியேதான் இருக்கும்" என்றாள் கடைப்பெண்.

அதைக் கேட்டதும், கிண்டிக்கொண்டிருந்த செண்பகவல்லியின் கை நின்றுவிட்டது.

"அப்போ இதையே போட்டுடுங்க" என்று குலசேகரன் பில் போட நடந்தான். அவன் பின்னால் நாலு எட்டு வைத்த செண்பகவல்லி, என்னவோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பி வந்தாள். அந்தச் சாம்பல் டைல்ஸுக்கு முன்னால், வெறும் காற்றில், விரல்களால் எதையோ திருகி அணைத்தாள். அணைந்துவிட்டதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகுதான் போனாள்.