சிலிண்டருக்குப் பின்னால்

மாடிப்படியில் முதலில் ஒரு வாளி உருண்டு வந்தது. பின்னாலேயே துடைப்பமும் ஒரு ஜோடிச் செருப்பும் வந்து விழுந்தன.

"பாம்புக்குப் பால் வார்த்திருக்கேன்!" படியின் உச்சியில் நின்று வீட்டுக்காரர் கத்தினார். "குடியிருக்கிற வீட்டையே காட்டிக் குடுத்துட்டாளே!"

மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண் அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கையில் காலி பிளாஸ்க். அவள் மகள் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் படுத்து அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

"என்ன சார் இது? எதுக்கு என் சாமானை எறியிறீங்க?"

"எதுக்கா? உள்ள போய்ப் பாரு. நீ அழைச்ச விருந்தாளிங்க வந்திருக்காங்க!"

கீழ் வீட்டுச் சமையலறையில் குடிநீர் வாரிய ஆய்வாளர் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்பானரோடு ஃபிட்டர்.

தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து வந்தவர்கள், தொட்டி எங்கே, குழாய் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், மூலையில் நின்ற இரண்டாவது கேஸ் சிலிண்டரை நகர்த்தினார்கள். பின்னால், சத்தம் வெளியே கேட்காதபடி சாக்கில் சுற்றிய மோட்டார் ஒன்று தெருக்குழாயோடு நேராக இணைக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பத்து வருட மோட்டார். இதற்கு முன் நான்கு முறை சோதனைக்கு வந்தவர்கள் மொட்டைமாடித் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். 'வாரியத்துக்கே தண்ணி காட்டினவன்டா நான்' என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வது வீட்டுக்காரரின் வழக்கம்.

"ஊர்ல எவன் வீட்டுலதான் மோட்டார் இல்ல?" படியிறங்கி வந்தவர் ஆய்வாளர் மேல் பாய்ந்தார்.

"உங்க வீட்டு வாசல்ல குடிதண்ணிக் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒட்டிப் போகுது. ரெண்டுலயும் விரிசல். நீங்க மோட்டார் போட்டு உறிஞ்சும்போது சாக்கடையும் சேர்ந்து உள்ள வருது. இந்தத் தெருவுல மட்டும் பதினோரு பேருக்குக் காமாலை. தெரியுமா?"

வாசலில் நின்ற பெண்ணின் கையிலிருந்து பிளாஸ்க் நழுவியது.

"தண்ணி நாறுதுன்னு மூணு தடவை வந்து சொன்னேனே சார்! கொதிக்க வெச்சுக் குடின்னு விரட்டினீங்களே!"

"நாங்க கேன் தண்ணி வாங்கிக் குடிக்கல? வாங்கக் கூடாதுன்னு உன் கையை யாரு கட்டிப் போட்டா?"

வீட்டுக்காரரின் மனைவி, ஃபிட்டருக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். கணவர் பேசும்போது குறுக்கே பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"யாரு சொன்னாங்கன்னு நீங்களே இவகிட்ட சொல்லுங்க சார்," என்றார் வீட்டுக்காரர்.

"அதைச் சொல்ற வழக்கம் இல்ல. போன் வந்துச்சு. எந்த இடத்துல இருக்குன்னும் சொன்னாங்க. அவ்வளவுதான்."

"நீங்க சொல்லவே வேணாம். வாரியத்தோட புகார் நம்பரை இவ சுவத்துல எழுதி வெச்சிருக்கிறதை என் கண்ணால பாத்தேன்!"

"தண்ணி நாறுதுன்னு சொல்லத்தான் எழுதி வெச்சேன். உங்க வீட்டுல மோட்டார் இருக்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும். குடித்தனக்காரங்க வாசலோட நிக்கணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? ஒரு நாளாவது உள்ள வந்திருக்கேனா?"

"வாயை மூடு! பேச்சைப் பாரு, பேச்சை!"

ஃபிட்டர் மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டார். ஆய்வாளர் குழாய் இணைப்பைத் துண்டித்து, வாயை அடைத்து, சீல் வைத்தார். மறு உத்தரவு வரும்வரை இந்த வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று எழுதிய தாளை நீட்டினார். வீட்டுக்காரர் வாங்கவில்லை. ஆய்வாளர் அதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

அதற்குள் கேட்டுக்கு வெளியே தெருவே கூடிவிட்டது. "என் தம்பி இருபது நாளா எழுந்திரிக்க முடியாமக் கெடக்கிறான்யா, நீயெல்லாம் மனுஷனா?" என்று எதிர்வீட்டு டெய்லர் கேட்டார். யாரோ கேட்டின் மேல் காறித் துப்பினார்கள்.

வெளியே இருப்பவர்களை எதிர்க்க வீட்டுக்காரருக்குத் தைரியம் வரவில்லை. கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு, உள்ளே நின்றவள் மேல் மொத்தத்தையும் கொட்டினார்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றவளோட மூச்சுக்காத்துகூட இங்க படக் கூடாது. என்னைக் காட்டிக் குடுத்தவ எவளோ, அவ இந்த நிமிஷமே வெளிய போகணும். என் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாது!"

மாடிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிதறிக் கிடந்த சாமான்களைப் பொறுக்கக் குனிந்தாள்.

வீட்டுக்காரரின் மனைவி விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. மாடிப் பெண்ணின் கையிலிருந்த வாளியை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாள்.

"ஏய், நீ எங்கடி கிளம்பிட்டே?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நீங்கதானே போகச் சொன்னீங்க?"