பதினான்கு இருக்கை வேன்

பதினோராவது இருக்கையும் வேனிலிருந்து வெளியே வந்து விழுந்தது. மாடி ஜன்னலில் நின்று சர்வேயர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். வேன் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. கல்யாணமோ துக்கமோ, குடும்பம் முழுவதும் ஒரே வண்டியில் போய் இறங்க வேண்டும். தனித்தனியாக யாரும் போகக் கூடாது.

முன் இருக்கையில் அவர். நடுவில் மகன், மருமகள், பேத்தி, தம்பி வீட்டார். கடைசி வரிசையில், பின்சக்கரம் தூக்கித் தூக்கிப் போடும் இடத்தில் மனைவி. இருபது வருடமாக அவர் இடமும் மனைவி இடமும் மாறியதில்லை. குடும்பம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நாலு பேர் சொல்லக் காதாரக் கேட்டவர் அவர்.

விறுவிறுவென்று கீழே இறங்கி வந்தார்.

"சீட்டையெல்லாம் எதுக்குடா கழட்டுற?"

"கொஞ்சம் வேலை இருக்குப்பா."

"என்ன வேலை?"

மகன் ஸ்பேனரைத் துடைத்தபடி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அங்கே மாமியாரும் மருமகளும் நின்றிருந்தார்கள். "முடிஞ்சதும் சொல்றேன்பா" என்றான்.

மருமகளிடம் உத்தரவு கேட்கிறானாக்கும் என்று சர்வேயர் பல்லைக் கடித்தார்.

அடுத்த இரண்டு வாரமும் வாசல் பட்டறையாகிவிட்டது. வேனின் கூரையில் ஓட்டை போட்டு மின்விசிறி வைத்தான். ஜன்னல்களுக்குத் திரை வந்தது, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி வந்தது. ஒருநாள் ஓர் அடுப்பு வந்து இறங்கியது.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் தனி அடுப்பு பற்றவைத்ததில்லை.

எல்லோரும் வெளியே போயிருந்த ஒரு மதியம், பழைய டேப்பை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினார். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர். படுக்கை ஒன்றுதான் இருந்தது, நீளம் ஐந்தடி. அடுப்பு மேடை தரையிலிருந்து இரண்டரை அடி.

மகன் ஆறடி. மருமகளோ பரணில் இருப்பதை ஸ்டூல் போடாமல் எடுப்பவள். ஆகவே இது பேத்திக்கு. பெரியவர்களுக்கு இனிமேல்தான் போடுவான் என்று முடிவு கட்டினார். குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். டேப் கையிலிருந்து நழுவி, சரசரவென்று உள்ளே சுருண்டது.

சாயங்காலம் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "உம் மகன் தனிக்குடித்தனம் போறான். வீடுகூடப் பார்க்கல, வண்டியிலேயே ஏறிப் போறான். நாளைக்கு நான் தெருவுல தலை காட்ட முடியுமா?"

"அவனையே கேக்க வேண்டியதுதானே?" துணி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"நான் போய்க் கேக்கறதா? அவனா வந்து சொல்லட்டும்."

"பயமா இருக்கா?"

"பயமா? எனக்கா?"

"அதானே. கேட்டுப் பழக்கமில்ல உங்களுக்கு, சொல்லித்தான் பழக்கம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கழுவித் துடைத்த வேன் வாசலில் மூக்கை வெளியே நீட்டி நின்றது. மகன் ஒரு பெட்டியை உள்ளே ஏற்றினான்.

சர்வேயர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். ஆணியில் தொங்கிய சாவியைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியை இழுத்து கேட்டுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

"ஏத்துடா வண்டிய என் மேல! நான் உசிரோட இருக்கிற வரைக்கும் இந்தக் குடும்பம் ரெண்டாகாது."

"அப்பா, தெருவே பார்க்குதுப்பா."

"பார்க்கட்டும்!" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குத் தெரு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. "என்னடா குறை வச்சேன் உங்களுக்கு? வாயத் திறந்து சொல்லுங்க. மாத்திக்கிறேன். கால்ல விழணுமா, சொல்லு, விழறேன்."

மகன் பதறிப்போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். மருமகள், "மாமா, நாங்க..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. மனம் மாறிவிட்டார்கள். மானம் தப்பியது. எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, பழைய அதட்டல் குரலில், "சரி, சரி. சீட்டையெல்லாம் மறுபடி மாட்டு" என்றார்.

மகன் திரும்பி வாசற்படியைப் பார்த்தான்.

நாலே முக்கால் அடி உயர மனைவி படியிறங்கி வந்தாள். தோளில் பை, ஒரு கையில் புது டிரைவிங் லைசென்ஸ், காலில் புது ஷூ. நேராக வேனுக்குப் போய் ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தாள். பிறகு அவர் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"அவங்க எங்கயும் போகல. சாவியக் குடுங்க, போறது நான்."