எரியாத ஆயில் லைட்

வெட்டிய வயரின் முனையில் கறுப்பு டேப்பைச் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் எஞ்சினுக்குப் பின்னால் சொருகிவிட்டு, சுயம்புராஜ் ஜீப்பின் பானெட்டை மூடினார். கையைக் கழுவி நிமிர்வதற்குள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

"ஏட்டி, வண்டி பாக்க ஆளு வந்தாச்சு. சாயாவக் குடுத்துட்டு உள்ள போயிரு. வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியா?" என்று மனைவி நாகம்மையிடம் கிசுகிசுத்தார்.

களியக்காவிளையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஜீப். ரப்பர் தோட்டத்துக்கு ஏறி ஏறி எஞ்சின் தேய்ந்துவிட்டது. கொஞ்சம் சூடேறினால் போதும், ஆயில் பிரஷர் இறங்கி டேஷ்போர்டில் சிவப்பாக லைட் எரியும். அது எரிந்த பிறகும் ஓட்டினால் எஞ்சின் ஜாம் ஆகிவிடும் என்று மெக்கானிக் ஷிபு படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். எஞ்சினைச் சரிசெய்ய சுயம்புராஜுக்கு நேரமில்லை. லைட்டைத்தான் சரிசெய்ய முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். மகன் சிவபிரசாத்துக்கு முப்பத்துநாலு வயது. ஐந்து சம்பந்தம் வந்து தட்டிப்போய்விட்டது. இந்த நந்தனாவும் தட்டிப்போனால் அப்புறம் எவன் பெண் கொடுப்பான்? வருகிறவர்கள் முற்றத்தில் இந்த லொடக்கு ஜீப்பையா பார்ப்பது? அதற்குள் இதைத் தள்ளிவிட்டு ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும்.

வந்தவர் மயிலாடியில் கல்பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் படம் பார்த்து வந்தாராம். ஆனால் ஜீப்பை ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார். சாயாவை நிதானமாகக் குடித்தார். விலையைப் பற்றி மூச்சே விடவில்லை. வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத ஆள்! சுயம்புராஜுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"தம்பியே ஓட்டட்டும். நான் பக்கத்துல இருக்கேன்" என்று வந்தவர், வாசலில் நின்ற சிவபிரசாத்தைக் காட்டிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார்.

"பள்ளிக்கூட முக்கு வர போயிட்டுத் திருப்பிரு மக்கா" என்று மகன் காதில் ஓதிவிட்டு, சுயம்புராஜ் பின்னால் ஏறினார். சிவபிரசாத் சாவியைத் திருகினான். டேஷ்போர்டைப் பார்த்தான். திரும்பி அப்பாவைப் பார்த்தான். பிறகு ஸ்டார்ட் செய்தான்.

பள்ளிக்கூட முக்கு வந்தது. "இன்னும் கொஞ்சம் மேல போவோம் தம்பி. ஏத்தத்துல எப்பிடி இழுக்குன்னு பாக்கணும்லா" என்றார் வந்தவர்.

போச்சு! ஏற்றத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை, எஞ்சினுக்குள் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. அது கேட்கக் கூடாதே என்று சுயம்புராஜ் மழையைப் பற்றிப் பேசினார், ரப்பர் விலையைப் பற்றிப் பேசினார், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிக்கூடப் பேசினார். வந்தவர் எதையும் காதில் வாங்கவில்லை.

"தம்பி கல்ஃபுக்கு ஒண்ணும் போவலியா?"

"அம்மைக்குச் சக்கரை உண்டு அண்ணாச்சி. விட்டுட்டுப் போவ மனசில்ல."

இந்த ஊர்க்கதையெல்லாம் இவருக்கு எதற்கு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகாமல் என்று சுயம்புராஜுக்கு எரிச்சலாக வந்தது.

வந்தவர் மெல்லப் பின்னால் திரும்பினார். "அண்ணாச்சி, கேக்கேன்னு தப்பா நினைக்காதிய. வண்டிக்கு ஏதாவது கேடு உண்டா?"

"கேடா? நல்லாக் கேட்டிய! ராசாவாட்டம் ஓடுகது. எம் மவன் தலையில அடிச்சு சத்தியம் செய்யட்டா? இன்னைக்கு வர அந்த ஆயில் லைட்டு ஒரு தடவ எரிஞ்சதில்ல!"

ஜீப் சட்டென்று ஓரமாக நின்றது. சிவபிரசாத் எஞ்சினை அணைத்துவிட்டான்.

"அண்ணாச்சி, இத எடுக்காதிய" என்றான். மறுபடி சாவியை லேசாகத் திருகிக் காட்டினான். "சாவி போட்ட ஒடனே இங்கன சிவப்பு லைட்டு எரியணும். ஸ்டார்ட் ஆனாத்தான் அணையும். இது எரியவே இல்ல பாத்தியளா? வயரப் புடுங்கியாச்சு. எஞ்சின் போச்சு அண்ணாச்சி. இனி ஒரு அடி ஓட்டினாலும் ஜாம் ஆயிரும்."

சுயம்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "நாசமாப் போச்சு! ஏலே, ஒனக்காவத்தானலே நான் இவ்வளவும் செய்யுகேன்! அவிய வந்து இந்தக் கட்டவண்டியப் பாத்துட்டுப் போவட்டும். நீ கடைசி வர ஒத்தையிலயே கெட!"

"இவரு கல்லு ஏத்திட்டு வரும்போ எறக்கத்துல எஞ்சின் ஜாம் ஆனா, அவரு வீட்டுல உள்ளவங்களுக்கு நீங்களா பதில் சொல்லுவிய?"



வந்தவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்று போனை எடுத்தார். போலீசுக்குத்தான் பேசப்போகிறார் என்று சுயம்புராஜ் பின்சீட்டில் குனிந்து பதுங்கினார்.

வந்தவர் சத்தமாகவே பேசினார்.

"எக்கா, தகப்பன் கொஞ்சம் கள்ளன்தான், ஆனா பயல் தங்கம். நம்ம நந்தனாவக் கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்!"