காலிக் கட்டம்

நேற்று அழித்த சிறுமி இன்று மறுபடி வந்திருந்தாள்.

லேப்டாப்பைத் திறந்த அனுசுயா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கோப்பின் கடைசி வரியில் அதே விவரம்தான். கலையரசி, வயது ஒன்பது, உடையார்பாளையம் சாலை, அடையாளம் தெரியாத லாரி.

பாடாலூரில் இருந்துகொண்டே ஆன்லைனில் எம்.பி.ஏ. படிக்கிறாள் அனுசுயா. டேட்டா அனலிடிக்ஸ். பகலில் பெரம்பலூரில் விதைக் கம்பெனி வேலை, விடிகாலையில் படிப்பு. கடைசி புராஜெக்டுக்கு அரியலூர் பக்கத்து லாரி விபத்துகளை எடுத்துக்கொண்டு, ஐந்து வருடப் பேப்பர் செய்திகளைத் தேடித் தேடி நானூறு வரிகள் சேர்த்திருந்தாள். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் இரண்டு வருடப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

இந்தப் படிப்பில் முதல் பாடமே விவரங்களைச் சுத்தம் செய்வது. எந்த வரியில் காலிக் கட்டம் இருக்கிறதோ, அதை ஈவு இரக்கம் பார்க்காமல் தூக்கிவிட வேண்டும். கலையரசியின் வரியில் விபத்து நேரம் இல்லை, வண்டி நம்பரும் இல்லை. அதனால்தான் நேற்று தூக்கினாள்.

"ஏங்க, என் லேப்டாப்பைத் தொட்டீங்களா?"

"அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் புருஷன் ராசாங்கம், வாசலில் உட்கார்ந்து பல் துலக்கியபடி.

அதுவும் வாஸ்தவம்தான். மூன்று வருடம் முன்பு முதுகு வலி என்று சொந்த லாரியை விற்றுவிட்டு, ஹைவே ஓரம் பஞ்சர் கடை போட்டவன் அவன். அனுசுயா கழித்துக் கொடுத்த பழைய போன்தான் அவனுக்கு. முகப்பில் இருக்கும் அவள் போட்டோவைக்கூட மாற்றத் தெரியாது. வாயால் சொன்னால் போன் தானே எழுதிக்கொள்ளும் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, "தக்காளி வெல என்ன", "இன்னைக்கு மழ வருமா" என்று அதனிடம் பேசிக்கொண்டே திரிவான்.

ஆன்லைனில் இருக்கும் அந்தக் கோப்பைத் திறக்கும் உரிமை இன்னொருவனுக்கும் உண்டு. சென்னையில் இருக்கும் தமிழழகன், அவளோடு அதே புராஜெக்ட் செய்பவன். போன் போட்டாள்.

"நான் தொடவே இல்லக்கா. யாரு சேத்தாங்கன்னு அதுலயே இருக்கு பாருங்க. உங்க பேருதான் காட்டுது."

தூக்கத்தில் எழுந்து நாமே செய்கிறோமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் சில்லென்றது. வரியை மறுபடி அழித்தாள்.

சனிக்கிழமை காலை கலையரசி திரும்பவும் வந்திருந்தாள். இந்தத் தடவை நேரம் என்ற கட்டம் நிரம்பியிருந்தது. காலை 6.40.

அனுசுயா படித்த எந்தப் பேப்பரிலும் அந்த நேரம் இல்லை. மறுபடி அழித்தாள். அன்றைக்கு முழுக்க ஆபீஸில் யார் பின்னால் வந்து நின்றாலும் தூக்கிவாரிப் போட்டது. இத்தனைக்கும் பேய் பிசாசு என்றால் ஊரையே கிண்டல் செய்கிறவள் அவள்.

ஞாயிறு காலை லேப்டாப்பைத் திறக்கவே பயமாக இருந்தது. திறந்தாள். வரி இருந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் புதிதாகத் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. *மஞ்ச கவுனு. கையில பால் தூக்கு. மூடி மட்டும் ரொம்ப தூரம் உருண்டு போச்சு.*

இது யாருக்குத் தெரியும்? செத்துப்போன அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். அனுசுயா வாய்விட்டு அழுதாள். பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஒரு தாய் பெற்ற பிள்ளையை, கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக மூன்று நாளாகத் துடைத்துத் துடைத்து எறிந்திருக்கிறாளே.

ராசாங்கம் டீயோடு வந்து நின்றான். "என்ன அனு?"

"இந்தப் புள்ள என்னய விடமாட்டேங்குதுங்க. அழிக்க அழிக்க வந்து நிக்கிது."

"அழிக்காத."

"நான் மட்டும் ஆசைப்பட்டா அழிக்கிறேன்? வண்டி நம்பர் இல்லாம வச்சுக்க முடியாதுங்க. அது மட்டும் இருந்துட்டா, இந்தப் புள்ளய யாராலயும் எடுக்க முடியாது."

ராசாங்கம் டீயை மேசையில் வைத்தான். பக்கத்தில் தன் போனையும் வைத்தான். அதில் அவளுடைய கோப்பு திறந்திருந்தது. அந்தப் போன் இன்னும் அவள் மெயில் கணக்கிலேயே கிடக்கிறது, அதில் எழுதுவதெல்லாம் அவள் பேரில்தான் ஏறும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டி நம்பர் கட்டத்தில், சொல்வதை எழுதிக்கொள்ள மைக் அடையாளம் காத்துக்கொண்டிருந்தது.

"மத்ததெல்லாம் சொல்லிட்டேன். அது ஒண்ணுதான் மூணு நாளா வாயில வரல" என்றான்.

அனுசுயா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பார்வை மேசையை விட்டு எழவில்லை.

"நம்ம பழைய வண்டி நம்பர்தான். எழுதிக்க."