சந்தைக்கு வந்த சளி

சேவல் தும்மியது. கண்ணம்மாள் இருமினாள்.

பென்னாகரம் சந்தைக்குள் நுழைந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது. கூடைக்குள் சேவல் ஒரு தும்மல் போட்டால், வெளியே கண்ணம்மாள் நாலு இருமல் போடுவாள். எது யாருடைய சத்தம் என்று கேட்பவர்களுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

வீட்டில் கோழிகள் எல்லாவற்றுக்கும் சளி. மூக்கு ஒழுகிக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டி மூச்சுவிட்டுக்கொண்டு, மூலைக்கொன்றாக முடங்கிக் கிடக்கின்றன. மகள் சசிகலா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பெற்றதும் அவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு வைக்கத்தான் கண்ணம்மாள் அவற்றைக் குஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்தாள். இப்போது ஒன்றுகூடத் தேறாது போலிருந்தது. கொஞ்சம் தெம்பாக நின்ற இந்தச் சேவலையாவது தள்ளிவிட்டு, நல்ல கோழியாக ஒன்று வாங்கிப் போகலாமென்று பஸ் ஏறிவிட்டாள்.

ஊரில் எல்லாரும் செய்வதுதானே! கோழி தும்மினால் சந்தைக்குக் கொண்டு போ என்பதுதான் அந்தப் பக்கம் பாதிப் பேருக்குத் தெரிந்த வைத்தியம்.

முதலில் ஒரு பெரியவர் வந்தார். சேவலின் கொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"கொண்டை என்னம்மா வாடிக் கெடக்கு?"

"வெயிலுங்க."

"கண்ணுல தண்ணி வடியுதே?"

"பஸ்ல சன்னலோரமா வந்துச்சுங்க. எதுர்க்காத்து."

சேவல் 'கர்ர்ர்' என்றது. கண்ணம்மாள் அடிவயிற்றிலிருந்து இருமினாள். பெரியவர் சட்டென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சேவல் கூடப் பரவால்லம்மா. உன்னப் பாத்தாத்தான் பயமா இருக்கு" என்று நடையைக் கட்டினார்.

அடுத்து வந்தவர் அன்வர் பாஷா. பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறவர். கையில் ஒரு மஞ்சப்பை. அவர் கொண்டையையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. சேவலைத் தூக்கி, போன் பேசுகிற மாதிரி காதோரம் வைத்துக் கேட்டார்.

'கர்ர்ர்...'

கண்ணம்மாள் இருமினாள். இருமி இருமி இப்போது தொண்டை நிஜமாகவே காந்தியது.

"சளிங்களா அக்கா?"

"ஆமாங்க பாய். எனக்குத்தாங்க. ஆள விடமாட்டேங்குது."

"மூக்கு ஒழுகுதுங்களா?"

"ஒழுகுதுங்க."

"ராத்திரியில மூச்சு கொறட்டையாட்டம் இழுக்குதுங்களா?"

"வூடே அதிருதுங்க பாய்!"

"எர எடுக்குதுங்களா?"

"எங்கங்க எடுக்குது! போட்ட கம்பு போட்டபடி கெடக்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்வர் பாஷா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "இந்தச் சளி எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

இப்படி ஒருத்தர் கேட்கமாட்டாரா என்றுதான் இத்தனை நாளாக அவள் காத்திருந்தாள். கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"இதே சந்தையிலதாங்க பாய்! போன வாரம் ஒரு கருப்புப் பொட்டக்கோழி வாங்கிட்டுப் போனேன். வூட்டுல கால வெச்சதும் தும்ம ஆரம்பிச்சது, அத்தன கோழிக்கும் ஒட்ட வெச்சிருச்சு. சீக்குன்னு தெரிஞ்சே என் தலையில கட்டியிருக்கா ஒரு பாவி! மக வயித்துப்புள்ளக்காரியா வந்து உக்காந்திருக்கா, நான் எங்க போவேன்? அவ கை வெளங்குமா? அவ வூட்டுச் சோத்துல மண்ணு விழ! அவ குடும்பமே நாசமாப் போக!"

சேவல் மறுபடியும் தும்மியது. சாபம் விட்ட வேகத்தில் கண்ணம்மாள் இருமவே மறந்துவிட்டாள்.

இருவரும் சேவலைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்வர் பாஷா சேவலை மெதுவாகக் கூடையில் இறக்கினார். மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு மருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா குடுத்ததுங்க. குடிக்கிற தண்ணியில கலந்து வைங்க. ரொம்ப முடியாததுங்களத் தனியா அடைங்க. எங்க வூட்டுக் கோழிங்க இதுலதான் பொழச்சுது. கோழிக்குத்தாங்க அக்கா, நீங்க குடிச்சிடாதீங்க."

கண்ணம்மாளுக்கு மானம் போனது.

"எப்படிங்க பாய் கண்டுபுடிச்சீங்க? நான் நல்லாத்தான இருமுனேன்?"

"ரொம்ப நல்லா இருமுனீங்க. எங்க வூட்டம்மா அமீனா கூட இந்தளவுக்கு இருமியிருக்கமாட்டா."

"அவங்க எதுக்குங்க இருமுனாங்க?"

அன்வர் பாஷா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"போன வாரம் எனக்குத் தெரியாம ஒரு கருப்புப் பொட்டக்கோழிய இங்க கொண்டாந்து, இருமிகிட்டே வித்துட்டு வந்துட்டா. கேட்டதும் எனக்குச் சோறு எறங்கல. வாங்குனவங்க வூட்டுலயும் சீக்கு பரவியிருக்கும், அவங்களும் இங்கதான் விக்க வருவாங்கன்னு காலையிலருந்து மருந்தோட சுத்தறேன்." கொஞ்சம் தயங்கினார். "அந்தச் சாபத்த மட்டும் திருப்பி எடுத்துக்குங்க அக்கா."

கண்ணம்மாள் பாட்டிலை வாங்கி முந்தானையில் முடிந்தாள். கூடையை இறுக மூடி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கிட்டேங்க பாய், அத்தனையும் எடுத்துக்கிட்டேன்! இந்தச் சேவல யாராச்சும் வாங்கியிருந்தா, அந்தச் சாபம் மொத்தமும் என் வூட்டு மேலதான விழுந்திருக்கும்!"