கிளுவையின் இடது கண்

“சாசிப், நீ பித்தலாட்டம் பண்ணியிருக்கே!”

உஸ்தாத் நிஸார் விடைத்தாளை மேசைமேல் வீசினார். நாணல் மண்டபத்தில் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்த மற்ற எட்டுப் படகோட்டிகளும் கோப்பையை உதட்டருகிலேயே நிறுத்தினார்கள்.

சாசிப்பின் விரல்கள் தஸ்பீஹ் ஜெபமாலையின் மணிகளை வேகவேகமாக உருட்டின. முப்பத்து மூன்று இருக்க வேண்டியதில் ஒன்று குறைந்து, கயிறு தொளதொளவென்றிருந்தது.

“சத்தியமா யாரைப் பார்த்தும் எழுதலை, உஸ்தாத்.”

“இவங்களைப் பார்த்து எழுதினா இவ்வளவு சரியா எழுதியிருக்கவே முடியாது. தாஹில், கத்தான் மீனோட அடையாளம் என்னன்னு கேட்டா, ‘சுட்டா எண்ணெய் வடியும்’னு எழுதியிருக்கே?”

“வடியுமே, உஸ்தாத்,” என்றான் தாஹில்.

மூன்று மாதப் பயிற்சி. காட்டுப்பன்றியின் குளம்படி, நீர்நாயின் எச்சம், மீனின் செதில், பறவையின் பறக்கும் தோரணை என்று எல்லாம் படித்துத் தேறியவனுக்குத்தான் வழிகாட்டி அட்டை. அட்டை இருந்தால்தான் சதுப்புக்குள் வெளியூர்க்காரர்களை ஏற்றிப் போகலாம். சாசிப் அவசரப்பட்டுப் படகின் முகப்பில் ‘வழிகாட்டி சாசிப்’ என்று பச்சை நிறத்தில் எழுதியே விட்டான்.

அட்டைக்கு ஓர் உறுதிமொழியும் உண்டு. ‘வலை, கண்ணி, பொம்மைப் பறவை எதுவும் வைத்துப் பறவை வேட்டை ஆடியதில்லை, ஆடவும் மாட்டேன், பொய்யென்றால் படகு பறிமுதல்.’ ஒன்பது பேரும் முதல் நாளே கண் சிமிட்டாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சிக்கல் ஏழாவது கேள்வியில்தான். அன்று காலை கரையில் தொலைநோக்கியை நிறுத்திய நிஸார், எதிர் நாணலோரம் ஒரு வாத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். பளிங்குக் கிளுவை! ஆறு வருஷமாக இந்தப் பக்கம் யார் கண்ணிலும் படாதது. உடனே பாக்தாதுக்கு போன் போட்டார். படம் பிடிக்க ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அந்தக் கிளுவையையே கேள்வியாகவும் வைத்துவிட்டார்: ‘தொலைநோக்கியில் தெரியும் பறவை எது? அடையாளம் ஒன்றுவிடாமல் எழுதுக.’

பரீட்சை நடுவில் ஒரு சேற்றுப் பருந்து தாழ்ந்து பாய்ந்தது. நாமக்கோழிகள் அலறியடித்துக்கொண்டு எழும்பின. கிளுவை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

“பாருங்கய்யா நெஞ்சுரத்தை!” என்று உருகினார் நிஸார். அந்த நேரம் பார்த்துப் படகோட்டிகள் சிலருக்கு இருமல் வந்தது.

இப்போது அவர் சாசிப்பின் விடையை உரக்கப் படித்தார்.

“‘பளிங்குக் கிளுவை. உடம்பு முழுக்க வெளிர்ப் புள்ளி. கண்ணைச் சுத்திக் கறுப்பு.’ அருமை! முழு மதிப்பெண்! அடுத்த வரி என்ன எழுதியிருக்கே? ‘இடது கண் இல்லை.’”

“ஒண்ணுவிடாம எழுதச் சொன்னீங்களே, உஸ்தாத்.”

“அது காலையிலேர்ந்து வலது பக்கத்தைத்தான் நமக்குக் காட்டிக்கிட்டு நிக்குது. இடது பக்கம் நாணலைப் பார்த்திருக்கு. இந்தக் கரையில நின்னு எந்தக் கொம்பனாலும் அந்தக் கண்ணைப் பார்க்க முடியாது. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

சாசிப் தஸ்பீஹைக் கைக்குள் பொத்தி மறைத்தான்.

“கேள்வி என்னன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு, படகெடுத்துப் பக்கத்துல போய்ப் பார்த்துட்டு வந்திருக்கே!”

“என் படகு நேத்துலேர்ந்து கட்டித்தான் கிடக்கு.”

“அப்போ எவனோ போய்ப் பார்த்து உனக்குச் சொல்லியிருக்கான். ஆக, கேள்வி வெளியே போயிருக்கு.” நிஸார் கைபேசியை எடுத்தார். “நல்லது. ஒன்பது பேர் பரீட்சையும் ரத்து. ஒருத்தருக்கும் அட்டை கிடையாது.”

எட்டுக் கோப்பைகள் ‘டக்’கென்று தரையில் இறங்கின. எட்டு ஜோடிக் கண்கள் சாசிப்பைப் பொசுக்கின.

“டேய், உண்மையைச் சொல்லித் தொலைடா!” தாஹில் அவன் விலாவில் இடித்தான். “ஒரு வாத்தோட கண்ணுக்காக எங்க எட்டுப் பேர் பொழைப்பும் போகணுமா?”

“சொன்னா என் படகு போயிடுமேடா...”

“சொல்லலேன்னா நீயே போயிடுவே. நாங்க எட்டுப் பேர் இருக்கோம்.”

தூரத்தில் மோட்டார் படகின் சத்தம். பாக்தாதிலிருந்து வந்த படப்பிடிப்பாளர்கள் நேராகக் கிளுவையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். “மெதுவா! பயந்து பறந்துடப் போகுது!” என்று வாசலுக்கு ஓடிக் கத்தினார் நிஸார்.

“பறக்காது, உஸ்தாத்,” என்றான் சாசிப், ஈனக் குரலில்.

நிஸார் மெல்லத் திரும்பினார்.

சாசிப் கையிலிருந்த தஸ்பீஹை மேசைமேல் வைத்தான்.

“இதுல ஒரு மணியை உருவினதுக்கே என் பொண்டாட்டி தாண்டவம் ஆடிட்டா. அதான் இடது கண்ணு வைக்கலை!”